தகட்டுக்கு வைத்த இலக்கு

முதலில் தடதடவென்று சத்தம் கேட்டது. பிறகு புகை தெரிந்தது. அதற்கும் பிறகுதான் நகராட்சி மின்நிலையத்தின் கிழட்டு டீசல் என்ஜின் தெரிந்தது. கூரைமேல் கிடந்த சூரியத் தகட்டின் முகமெல்லாம் அதன் கரிதான்.

அதைத் துடைக்க வேண்டியது கம்பில் துணி கட்டிய மாப்பு. "ஏணியில ஏறி ஏன் இடுப்பை ஒடிச்சுக்கறே? இங்கேயே கதகதப்பா நில்லு" என்று என்ஜின் சொன்னதிலிருந்து அது ஏறுவதில்லை. தகடு கேட்டால், "நேத்து ராத்திரியே துடைச்சாச்சு, நீ தூங்கிட்டே" என்று கீழிருந்தே சொல்லிவிடும்.

அடுத்த வருஷம் ஊருக்கு வெயிலிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் நாள் வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியைத் தன் பொறுப்பில் விட வேண்டும் என்று தகட்டுக்கு ஆசை.

"ஆசை கிடக்கட்டும் தம்பி, மீட்டர் அண்ணன் சொல்லட்டும்" என்றது என்ஜின்.

தகடு தரும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் தன் முள்ளைப் பார்த்தது. "பூங்கா நீரூற்றை ஓட்டத்தான் காணும். அதையே இலக்கா வெச்சுக்கலாம்."

மாப்பு என்ஜினை இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றுகொண்டது.

கூட்டம் கலைந்ததும் தகடு மெல்லக் கூப்பிட்டது. "அக்கா, நீங்க தவறாம துடைச்சும் என்னால இவ்வளவுதான் முடியுது. உங்க உழைப்பை வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

மாப்பு என்ஜினை விட்டு விலகி வாளியை நோக்கி நகர்ந்தது.

"எங்கே கிளம்பிட்டே? குளிர் காய வா" என்றது என்ஜின்.

மாப்பு வாளித் தண்ணீரில் தலையை முக்கிக்கொண்டு ஏணியில் ஏறியது.