ஆறு மணிப் பலகை

"பலகைய எடுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள் சந்து முனையில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கும் ஜெயம்மா, நூடுல்ஸுக்கு ஊற்றும் மொஹிங்கா மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே.

செசிலியா சட்டென்று சைக்கிளை நிறுத்தினாள்.

ரங்கூனின் தின்கன்ஜூன் பெரிய ரோட்டில் பஸ்காரர்கள் சைக்கிளை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் எல்லாரும் இந்தப் பின்சந்து வழியாகத்தான் மிதிப்பார்கள். ஆனால் சந்தின் நடுவே சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகை உடைந்து, அரை ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அதன்மேல் தினமும் காலையில் ஒரு மரப்பலகை இருக்கும். அந்தி சாய்ந்தால் இருக்காது என்பது செசிலியாவுக்கு இந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

யார் போடுகிறார்கள்? ரங்கூனில் தெருவோரம் ஒரு தண்ணீர்ப் பானை வைத்தால்கூடத் தானம் செய்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார்கள். இந்தப் பலகையில் பெயரே கிடையாது. அதுவே செசிலியாவுக்குப் பல நாளாகப் பெரிய ஆச்சரியம்.

திங்கட்கிழமையோடு ஆச்சரியம் போய்க் கோபம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் அவளுடைய வேலையை ஏழு மணி வரை நீட்டிவிட்டார்கள். முதல் நாளே கரண்ட் இல்லாத சந்தில், பலகை இருக்கிறது என்று நம்பி வந்து, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தாள். முன்சக்கரம் நெளிந்தது. மணிக்கட்டு வீங்கியது. இன்னொரு தடவை விழுந்தால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

"யாருக்கா? சொல்லு."

ஜெயம்மா குரலைத் தாழ்த்தினாள். "நம்ம சைக்கிள் கடை அய்யூப் பாய்! ஆறு மணியானா தோள்ல தூக்கி வச்சிக்கிட்டுப் போறாரு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அவருக்கு எதுக்கு அந்தப் பலகை?"

"போடி வெவரங்கெட்டவளே! ஒன் சக்கரம் நெளிஞ்சுதே, யார்கிட்ட கொண்டு போன?"

செசிலியாவுக்குச் சுரீரென்றது. செவ்வாய்க்கிழமை காலை அய்யூப் பாயிடம்தான் கொண்டு போனாள். எங்கே விழுந்தாள் என்று சொன்னதும் மனுஷர் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசியில், "கூலி வேணாம் தங்கச்சி, போங்க" என்றார். நல்ல மனுஷர் என்று நினைத்தாளே! பண்ணின பாவம் அல்லவா அப்படி முழித்திருக்கிறது!

"இன்னைக்கு அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலைன்னா என் பேரு செசிலியா இல்ல."

"கேளு. கையும் களவுமா பிடிச்சுக் கேளு" என்று தூபம் போட்டாள் ஜெயம்மா.

அன்று சாயங்காலம் கூட வேலை பார்க்கும் பிலிப்பிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, ஆறு மணிக்கு முன்பே சந்துக்கு வந்துவிட்டாள். ஓரமாய் நின்ற சைட்கார் ரிக்‌ஷாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பலகைமேல் கடகடத்துக்கொண்டு போயின. கூட்டம் குறைந்தது.

மணி ஆறு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அய்யூப் வந்தார். சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். குனிந்து பலகையை எடுத்தார். சேற்றைத் துடைத்தார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

திருடன் போலத்தான் பார்க்கிறார், திருடன் போலத்தான் போகிறார். செசிலியா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். கேட்க வேண்டிய நாலு கேள்வியும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

அய்யூப் தன் கடைக்கு முன்னால் நின்றார்.

கடையை அடைக்க ஆரம்பித்திருந்தார். அந்தக் காலத்துக் கடை. இரும்பு ஷட்டர் கிடையாது. மேலும் கீழும் சட்டத்தில் வெட்டிய காடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகித்தான் மூட வேண்டும். எல்லாப் பலகையும் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

தோளில் இருந்த பலகையை இறக்கி, அந்த இடத்தில் தள்ளினார். அச்சாகப் பொருந்தியது. குறுக்கே இரும்புக் கம்பியைப் போட்டுப் பூட்டினார்.

செசிலியா சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போனாள்.

"பாய்... இது உங்க கடைக் கதவா?"

அய்யூப் திடுக்கிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்.

"ஆமா தங்கச்சி. மொதல்ல வேற பலகதான் வாங்கிப் போட்டேன். ரெண்டு தடவ யாரோ அடுப்பெரிக்கத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது பகல்ல சும்மாதானே சாஞ்சு கெடக்கு, அதான்."

"பள்ளத்துல விழுந்தா உங்களுக்குத்தானே பாய் வேலை வரும்?"

"அப்படி வர்ற வேல எனக்கு எதுக்கும்மா?"

செசிலியா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "தப்பு என் மேலதான் தங்கச்சி. ஆறு மணிக்கு மேல அந்த வழியா யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சுட்டேன். நாளையிலருந்து நீங்க எத்தன மணிக்கு வருவீங்கன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் கடையத் தெறந்தே வச்சிருக்கேன்."