மாமனார் கையில் ஐந்து கிண்ணம்

“மாமா, இந்த அஞ்சையும் இனிமே நீங்கதான் பார்த்துக்கணும். வேற யார் கையிலயும் என்னால கொடுக்க முடியாது.”

“என்னையா சொல்ற வானதி? உங்க அத்தை கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாளே!”

“சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு உங்க மேலதான் மாமா நம்பிக்கை.”

மூன்று மாதத்துக்கு முன் மருமகள் சொன்ன இந்த வார்த்தையைத் தினம் ஒருமுறை நினைத்துப் பூரித்துப்போவார் தியாகராசன். ஒரத்தநாட்டுப் பக்கம் பத்து மா நிலத்தில் நெல் விளைவிக்கிற மனிதர். அறுபத்தாறு வயதில் முதல்முறையாக, உடைகிற பொருளை ஒருத்தி அவர் கையை நம்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஐந்தும் ஜப்பான் கிண்ணங்கள். நகோயாவில் இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய மகன் ராம்கி, கைக்குழந்தையைப்போல மடியில் வைத்தே விமானத்தில் கொண்டுவந்தவை. இனி வீட்டில் எல்லோரும் அதில்தான் சாப்பிட வேண்டும் என்பது அவன் உத்தரவு. நாலு வாய்ச் சோற்றுக்கு மேல் பிடிக்காது.

“பளபளப்புப் பூச்சு இல்லாத மண்ணு. முதல்ல அரிசி கழுவின தண்ணியில போட்டுக் கொதிக்க வைக்கணும். தினம் சாப்பிடுறதுக்கு முன்னாடி பச்சத்தண்ணியில ஊறணும், இல்லேன்னா கறை உள்ள இறங்கிடும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது” என்று பாடம் நடத்தினான் ராம்கி.

“மீன் குழம்பு ஊத்தலாமா?” என்று கேட்டாள் வானதி. பூம்புகார்ப் பெண்.

“கனவுலகூட நினைக்காத!”

அன்றைக்கே சாவித்திரி மருமகளை எச்சரித்தும் வைத்தாள். “உங்க மாமா கண்ணுல படாம வை. கல்யாணத்துக்கு வந்த டீ செட்டு ஒரு வாரம் தாங்கல. ஊறுகாய் ஜாடி மூணு போச்சு. அம்மிக் குழவியையே ரெண்டாக்குன மனுஷன்!”

“நிஜமாவா அத்தை? குழவியையா?” வானதி இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஐந்து கிண்ணத்தையும் கொண்டுவந்து மாமனாரிடம் நீட்டிவிட்டாள். தன் மானத்தைக் காக்க வந்த மகராசி என்று தியாகராசன் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றாமல் விடுவாரா? மாட்டுக்குப் போக வேண்டிய கழுநீர் அன்று கிண்ணங்களுக்குப் போனது, மாடு முறைத்தது. கிண்ணத்தைத் தொடும் முன் மோதிரத்தைக் கழற்றினார். பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தார். நிழலில் ஐந்தையும் இடம்விட்டுக் கவிழ்த்து, காக்கை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாற்று விட்ட வயலைக்கூட அவர் இப்படிக் காவல் காத்ததில்லை.

தினமும் வானதி வந்து எட்டிப் பார்ப்பாள். “அஞ்சும் இருக்கா மாமா?”

“இருக்கும்மா! நான் இருக்கப்ப அதுக்கென்ன?”

அவள் பெருமூச்சு விட்டுப் போவாள். பாவம், எவ்வளவு கவலை இந்தப் பெண்ணுக்கு என்று அவர் இன்னும் கவனமாக இருப்பார்.

இன்று மதியம் அந்த விபத்து நடந்தது. கழுவிய கிண்ணத்தோடு கொல்லைப் படி ஏறியவருக்கு, சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. கிண்ணம் துள்ளி மேலே பறந்தது. முட்டி வலியையும் வயதையும் மறந்து, மல்லாக்கப் பாய்ந்தார் தியாகராசன்.

“மாமா!” சத்தம் கேட்டு வானதி ஓடிவந்தாள்.

மாமனார் சேற்றில் கிடந்தார். முழங்கையில் ரத்தம். நெஞ்சின் மேல், இரண்டு கைக்கும் நடுவில், கிண்ணம்.

“உடையலம்மா! ஒரு கீறல்கூட இல்ல, பாரு!”

வானதி பார்த்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். முழங்கையைத் துடைத்துவிட்டு, அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

“ஏம்மா அழுவுற? அதான் தப்பிச்சிடுச்சே!”

“மூணு மாசமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன் மாமா. கோச்சுக்கக் கூடாது.”

“கேளு தாயி. என் உசுரு இருக்குற வரைக்கும் இந்த அஞ்சுக்கும்...”

“நான் கீழ போட்டா உங்க பிள்ளை ஒரு வாரம் பேச மாட்டாரு. நீங்க போட்டா, அப்பா கைதானேன்னு விட்டுடுவாரு. ஒண்ணு போனாலும் செட்டு போச்சுன்னு மிச்சத்தை அவரே பரண்ல ஏத்திடுவாரு, நானும் பழையபடி தட்டுல மீன் குழம்பு ஊத்திக்கலாம். அத்தை சொன்னதை நம்பித்தானே உங்ககிட்டயே கொடுத்தேன்!”

தியாகராசன் கையிலிருந்த கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். வானதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அடுத்த தடவையாவது பிடிக்காம விட்டுடுங்க மாமா!”