ஒரு ஆள் குறைகிறது

"இன்னும் ஒரு ஆள் குறையுது!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் டெல்பர்ட். அன்றைய கூட்டத்துக்குத் தலைமை அவர்தான்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றிருந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். யாரோ சீட்டியடித்தார்கள்.

எங்கள் அயோவாவில், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூடுவோம். அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்போம். தலையை எண்ணுவார்கள். போதிய தலை தேறாத மூலையைக் கலைத்துவிடுவார்கள்; அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

யார் எங்கே நின்றார்கள் என்பது மறுநாள் மளிகைக்கடை வரை போய்விடும்.

எங்கள் வேட்பாளரான செனட்டரின் மூலை நிரம்பி வழிந்தது. நாங்கள் பழைய கட்சிக்காரர்கள். மழையிலும் பனியிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், தோற்ற தேர்தல்களுக்கெல்லாம் சேர்ந்து அழுதவர்கள்.

வளையத்துக்குக் கீழே இருந்தவர்கள் அந்த ஆளின் கூட்டம். அவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. போன வசந்தத்தில்தான் கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, எங்கள் கட்சி எலி புகுந்த தானியக் கொட்டகை என்று டிவியில் பேசினார். எனக்கும் அவரைப் பிடிக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த மூலைக்குத் தலைவி கெல்சி. இலையுதிர்காலம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டி ஆள் சேர்த்தவள். பாதிக் கதவுகளை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினார்கள். மெல்லிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கு? நடுநடுவே இருமவும் செய்தாள்.

யாராவது ஒருவர் வரமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரே ஒருவர் போதும். வராவிட்டால் அத்தனை மாத உழைப்பும் ஊர் பார்க்கக் கலைந்துபோகும்.

"ஏம்மா, ஆள் வேணும்னா எங்க வீட்டு நாயை அனுப்பட்டுமா?"

"அது வராதுப்பா. அது பரம்பரைக் கட்சிக்கார நாய்!"

எங்கள் மூலை குலுங்கியது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் லோவெல். செனட்டருக்காக எங்கள் வட்டாரத்தைக் கட்டி மேய்ப்பவர் அவர். செப்டம்பரில் கெல்சி அந்த ஆளின் பக்கம் போனதிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சே இல்லை. வாசலில் அவள் பிஸ்கெட் தட்டை நீட்டியபோது, தட்டு காற்றில் நிற்பதைப்போல் பாவித்து உள்ளே போய்விட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். பிஸ்கெட்டை எடுக்கவில்லை.

எனக்கு நிலைகொள்ளவில்லை. பூட்ஸை மாற்றி மாற்றி ஊன்றினேன். கோட்டுப் பைக்குள் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்தவர் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தார்.

கதவோரம் இன்னொரு வேட்பாளரான கவர்னரின் மூலை. அங்கேயும் ஒரு ஆள்தான் குறைந்தது. லோவெல் கணக்குப் போட்டார். அந்த மூலை கலைந்தால், அவர்களில் பாதிப்பேர் அந்த ஆளிடம் போய்விடுவார்கள். நம்மில் ஒருவரைக் கவர்னருக்குக் கடன் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும், வளையத்துக்குக் கீழே இருப்பது செத்துப்போகும். எங்களுக்கோ ஒருவர் குறைவதால் ஒன்றும் ஆகிவிடாது.

போகிறவர் நம்பகமான ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"மார்லிஸ், நீ போ. உன்னைத்தான் நம்பி அனுப்ப முடியும்."

உண்மைதான். கட்சி நில் என்ற இடத்தில் நின்றவள், உட்கார் என்ற இடத்தில் உட்கார்ந்தவள் நான். கவர்னருக்குப் போய் நிற்பதில் எனக்கென்ன நஷ்டம்?

நடந்தேன். மெழுகு போட்ட தரையில் ஈர பூட்ஸ் கீச்சிட்டது. அரங்கம் முழுவதும் என்னைப் பார்த்தது. நடுக்கோட்டைத் தாண்டும்போது கெல்சி மறுபடி இருமினாள். நெஞ்சிலிருந்து வரும் இருமல்.

"இடது பக்கம், மார்லிஸ்! இடது!" என்று லோவெல் கத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், வழி தவறிவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். டெல்பர்ட்கூட ஒலிபெருக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கவர்னரின் மூலையை இரண்டு கையாலும் காட்டினார்.

நான் வலது பக்கமே போனேன்.

வளையத்துக்குக் கீழே போய் நின்றதும் சிரிப்பு தேய்ந்தது. முதலில் முன்வரிசையில், பிறகு பின்னால்.

டெல்பர்ட் விரலை நீட்டி மறுபடி எண்ணினார். என்மேல் வந்ததும் விரல் தயங்கியது. பிறகு எண்ணிக்கொண்டு நகர்ந்தது.

மூலை பிழைத்தது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

கெல்சி என் பக்கம் திரும்பவில்லை. நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள்.

"அம்மா, அப்பா நம்மளையே பாத்துட்டிருக்காரு."

"பாக்கட்டும். நீ முதல்ல கோட்டுப் பட்டனைப் போடு."

வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. லோவெல் தன் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

எங்களிடம் இருப்பது ஒரே கார். சாவி என்னிடம் இருந்தது. வீடு, நடந்து போகிற தூரத்தில் இல்லை.