சனிக்கிழமை யாரிடம்

சனிக்கிழமை யாரிடம் இருக்கிறது என்று இந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது.

'இண்டைக்கு எதிலை?' என்று செய்தி வந்திருந்தது. அவள் பதில் போடவில்லை. மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை உதைபந்தாட்டம் ஒரு நிறுவனத்திடம். சனிக்கிழமைத் தனி ஆட்டங்களும் அதனிடமே. எல்லா மைதானங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒளிபரப்பு வேறொன்றிடம். ஞாயிறும் அங்கேதான். ஐரோப்பியக் கிண்ணத்துக்குச் செவ்வாய் ஒன்று, புதன் இன்னொன்று.

இதை எத்தனை தடவை சொல்லிவிட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதிக்கூட ஒட்டினாள்.

அவன் அவளைக் கேட்டுவிட்டுத்தான் பார்ப்பான்.

அவள் ஜேர்மனிக்கு வந்த புதிதில் எழுதி ஒட்ட எதுவும் இருக்கவில்லை. சனி மாலை ஆறு மணிக்கு ஒரே அலைவரிசை. அன்றைய கோல்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுந்து புட்டு அவிக்கப் போவாள்.

பிறகு பகீரதனுக்கு முழு ஆட்டமும் வேண்டியிருந்தது. அட்டை செருகும் ஒரு பெட்டி வந்தது. பிறகு இன்னொன்று. உரிமையை ஏலத்தில் யாரோ எடுப்பார்கள், யாரோ இழப்பார்கள். ஆட்டம் கை மாறிவிடும்.

கை மாறும்போதெல்லாம் அவள்தான் தொலைபேசியில் நின்றாள். அவளுடைய டொச் மொழி நல்லது என்பான்.

ஒப்பந்தத்தை நிறுத்தும் கடிதம். புதிய பதிவு. மறந்துபோன கடவுச்சொல். காக்கவைக்கும் அந்த இசை அவளுக்கு மனப்பாடம்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீடு வந்த அன்றும் ஒரு கடவுச்சொல் மாற்றினாள். தையல் பிரிக்கவில்லை. மடிக்கணினியை வயிற்றில் படாமல் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள்.

"வந்திட்டுதோ?" என்று கேட்டபடி அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான்.

பிரிந்து எட்டு மாதம்.

தொலைக்காட்சியை அவன் எடுத்துக்கொண்டான். தனக்குப் பிழியத் தெரியாத இடியப்ப உரலையும் எடுத்துக்கொண்டான். சோபா அவளுக்கு. சனிக்கிழமையைப் பிரிக்க இருவருக்கும் தோன்றவில்லை. அது அவள் பெயரில் இருந்தது. அவன் வீட்டில் ஓடியது.

இந்த மாதம் புது விதி. ஒரு சந்தா, ஒரு வீடு. வேறு இடத்துத் தொலைக்காட்சியில் போட்டால் அவளுடைய கைபேசிக்கு ஓர் எண் வரும். அதைப் பதிந்தால்தான் ஆட்டம் ஓடும்.

கைபேசி அதிர்ந்தது. மூன்று மணி இருபத்து மூன்று. எடுத்தாள்.

"எங்கை நிண்டனீர்? இப்ப தொடங்கப்போகுது. உமக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்."

பின்னால் நாலைந்து பேரின் சிரிப்பு. தட்டுகளின் சத்தம்.

"பகீ, உங்கடை ரீவியும் உங்களைப் போலத்தான். அண்ணி சொல்லாமல் ஓடாது," என்றது ஒரு குரல். "அண்ணி எங்கை, இண்டைக்கும் வேலையோ?"

"ஓம், ஓம். பின்னேரம் வந்திடுவா."

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

எட்டு மாதமாக அந்த வீட்டில் அவள் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறாள். பின்னேரம் திரும்பி வருகிறாள். அவர்கள் எழுந்து போகும்வரை அவளுடைய பேருந்து பிந்துகிறது.

"அவையளுக்கு நீங்கள் இன்னும் சொல்லேல்லையோ?"

அவன் குரல் தணிந்தது. நடந்து வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"இப்ப உதோ கதை? ஆக்கள் இருக்கினம். ஏழு நிமிசம்தான் கிடக்கு. நம்பரைச் சொல்லுமன்."

"பார்க்கிறன்," என்று வைத்தாள்.

செய்தியைத் திறந்தாள். ஆறு இலக்கங்கள். கீழே, டொச்சில், இரண்டு வரிகள். இப்படி எத்தனையோ வரிகளை அவனுக்காக அவசர அவசரமாக வாசித்திருக்கிறாள். இன்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

'இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டில் இருந்தால், இந்த எண்ணைப் பத்து நிமிடத்துக்குள் பதியவும்.

உங்கள் வீட்டில் இல்லையென்றால், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

இரண்டாவது வரியை இன்னொரு முறை வாசித்தாள்.

கைபேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மேல்வீட்டுக்காரரின் தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.

அவள் எதுவும் செய்யவில்லை.