இலையோரத்தில் ஒரு மாத்திரை

முதல் வருடத் திதியன்று, செத்துப்போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று, டாக்டர் வேண்டாமென்ற உப்பு அத்தனையும் அந்த ஒரே இலையில் இருந்தது. கடைசியாகப் பவளம் வந்து, கணவரின் பிரஷர் மாத்திரை ஒன்றை அட்டையிலிருந்து பிதுக்கிச் சோற்றின் ஓரத்தில் வைத்தாள்.

“மாத்திரையப் போயி யாராச்சும் படைப்பாங்களா அண்ணி?” என்றான் கொழுந்தன் பன்னீர்.

“அவரு மாத்திரை போட்டு ஒரு வருஷம் நாப்பது நாளாச்சு தம்பி.”

பன்னீர் குனிந்து இலையின் ஓரத்தை நேராக்கினான். பிரஷர் சரியாக இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, “அதான் நார்மல்னு சொல்லிட்டாங்களேண்ணே, இன்னும் எதுக்கு இந்தக் கண்றாவி?” என்று சிரித்தவன் அவன்தான். மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னதை அண்ணனும் தம்பியும் காதிலேயே வாங்கவில்லை. மாத்திரையை நிறுத்திய நாற்பதாம் நாள் காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயடியிலேயே சரிந்தார்.

இலையைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிச் சுவரில் வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். காகம் ஒன்று வந்தது. கருவாட்டைப் பொறுக்கித் தின்றது. அப்பளத்தை நொறுக்கியது. ஊறுகாயைக்கூட விடவில்லை. பிறகு மாத்திரையை அலகால் ஒருமுறை புரட்டிப் பார்த்து, இலைக்கு வெளியே தள்ளிவிட்டது.

“அவரேதான்,” என்றாள் பவளம், பன்னீரைப் பார்த்து. “சந்தேகமே இல்ல தம்பி. உங்க அண்ணனேதான் வந்திருக்காரு.”