பளிங்குத் தண்ணீர்

"நீங்க இங்கே இருந்தது ஒரு மணி நேரம். வேலை பார்த்தது பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் நாற்காலியைப் போட்டு வேடிக்கை! நீங்களே பாருங்க."

டாக்டரம்மாவின் கணவர் கேமரா பதிவை ஓட்டிக் காட்டினார்.

அது ஒரு பல் ஆஸ்பத்திரி. முன்னறையில் கடல்நீர்த் தொட்டி; உள்ளே நாலு மீன், நிறைய உயிருள்ள பவளம். அழுதுகொண்டு வரும் குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் வாயை மூடும். டாக்டரம்மா பல்லைப் பார்ப்பார். மற்ற எல்லாவற்றையும் கணவர் பார்ப்பார். வாரம் ஒருநாள் டாக்டரம்மா வரும் முன்பே வந்து தொட்டியைப் பராமரித்துவிட்டுப் போகிறவர் தொட்டிக்காரர்.

"பார்க்கிறதும் வேலைதான் சார். எது விரியுது, எது சுருங்குதுன்னு..."

"கண்ணாடி ஓரத்துல பாசி இருக்கே. அதைக்கூடத் துடைக்கல."

"கொஞ்சம் இருக்கட்டும் சார். ரொம்பச் சுத்தம் பவளத்துக்கு ஆகாது."

"சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சாக்கா! இனிமே நீங்க வர வேணாம்."

தொட்டிக்காரர் தொட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கணவரே களத்தில் இறங்கினார். சும்மா சொல்லக் கூடாது, சுத்தத்தில் மனிதர் புலி. ஒரு வடிகட்டி இரண்டானது. அழுக்கை உறிஞ்சும் பொடிப் பைகள் மூன்று தொங்கின. மீன்களுக்குத் தீனி பாதியானது. தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. சோதித்தால், கழிவில் இருந்து வரும் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். பூஜ்யம் வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டவரை யாரும் பார்த்திருக்க முடியாது. கேமராவைத் திறக்கும் வேலையும் மிச்சம். வேலை செய்வது அவரேதானே!

இரண்டாவது மாதம் பவளம் வெளுக்க ஆரம்பித்தது. அவர் இன்னும் தேய்த்தார். அது இன்னும் வெளுத்தது. நோயாளிகள் காத்திருக்கும் சோஃபாவை ஒட்டிய மூலையில் இருந்தவை மட்டும் பச்சையும் ஊதாவுமாகச் செழிப்பாக இருந்தன.

"ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச அன்னிக்கு வாங்கினதும்மா. கண்ணெதிர்லயே சாகுது" என்று மனைவியிடம் புலம்பினார்.

"தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. என் பாடு தனி. பல்லு ஆடுறவர் எட்டிப் பார்க்க மாட்டேங்கிறார். முப்பத்திரண்டும் இரும்பா வெச்சிருக்கவர் வாராவாரம் வந்து வலிக்குதுங்கிறார்."

அவர் காதில் பாதிதான் விழுந்தது. வெட்கத்தை விட்டுத் தொட்டிக்காரருக்கு போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டிக்காரர் வந்தார். சொல்லிக் காட்டவில்லை. நேராகப் போய்ப் பொடிப் பைகளைக் கழற்றினார்.

"பட்டினி சார். மீனோட கழிவு தண்ணியில கரையுதே, அதுல கொஞ்சம் இதுக்குச் சாப்பாடு. அதிகமானா பாசி மூடிடும். துளிகூட இல்லன்னா இப்படித்தான். அளவுதான் சார் முக்கியம். அந்த அளவைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அன்னிக்கே விளக்கிச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேமராவைக் காட்டுனீங்க சார்."

கணவர் செருமிக்கொண்டார்.

"பிழைக்குமா?"

"மெதுவாத் தேறிடும் சார்." சட்டைப் பையிலிருந்து சின்னச் சொட்டுக் குழாயை எடுத்து, வெளுத்த பவளத்தின் மேல் தீனியைப் பொட்டுப் பொட்டாக விட்டார்.

"அது சரி, நான் எல்லா இடத்தையும் ஒரே மாதிரிதானே துடைச்சேன். இந்த மூலை மட்டும் எப்படித் தப்பிச்சது?"

தொட்டிக்காரர் காதில் விழாதவர் போலக் குழாயைப் பைக்குள் செருகினார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே நுழைந்தார். தொட்டிக்காரரைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"அடடே, இவர் சாமான் வாங்கப் போற செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க! இன்னிக்கு எந்தப் பல்லு வலிக்குது?"