கொப்பரையில் ஒரு முகம்

“அந்த முகத்தைச் சுரண்டி அழிக்க மாட்டேன், ஆண்டகையே.”

“அப்படின்னா இன்னைக்கே மடத்தை விட்டு வெளியே போ. பனியில விறைச்சுச் சாவு!”

ஆயர் எங்கல்பெர்ட் கத்தியை மேஜையில் விட்டெறிந்தார். ஓவியத் துறவி ஓட்மார் அதைத் தொடவில்லை. எதிரே வேதப் புத்தகம் விரிந்து கிடந்தது. இடது பக்கம் தங்கம் மினுங்கும் சொர்க்கம். வலது பக்கம் நரகம். அங்கே கொப்பரையில் ஓர் ஆயர் வெந்துகொண்டிருந்தார்.

“பிளந்த மோவாய், மூக்குமேல மரு. இது நான்தானே?”

“அதை நீங்கதான் சொல்றீங்க.”

“திமிரா? என்னை வரைஞ்சிட்டு என்கிட்டயே வாயாடுறியா?”

“என்னைத் துரத்துங்க, நடக்கிறேன். இந்தப் படத்துல மட்டும் என் கத்தி படாது.”

ஓட்மார் கடைசி ஏட்டைப் புரட்டினார். வரைந்தவர் பெயரும் ஆண்டும் அங்கே இருந்தன.

“சகோதரர் ரூபெர்ட் வரைஞ்சது. அவர் செத்தே எண்பது வருஷமாச்சு, நீங்க அப்போ பிறக்கவே இல்ல. இத்தனை வருஷத்துல இது யாருன்னு கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான்.”

ஆயர் ஏடுகளைப் பழைய இடத்துக்கே திருப்பினார். பிறகு சொர்க்கம் இருந்த இடது பக்கத்தின் ஓரத்தை மெல்லத் தொட்டார். குரல் இறங்கியிருந்தது.

“சகோதரரே, இந்தத் தேவதூதர் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கே... அங்க என்னை வரைஞ்சு தர்றீங்களா?”